மைனி வீட்டில் இரண்டு பைபிள்

அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குப் பள்ளி விடுமுறை வந்தது. மலேசியாவில் சுங்கைப்பட்டாணியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பும்போது அம்மா என்னிடம் ஒப்படைத்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊரில், அண்ணனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சிறிய கோயிலில், அவன் பேருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வர வேண்டும். எண்பத்து மூன்று வயதில் அவளால் விமானம் ஏற முடியாது. முடிந்திருந்தால் இந்தக் காரியத்தை என்னை நம்பி விட்டிருக்க மாட்டாள்.

இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். சொல்லிவிடுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். அண்ணன் சவரிமுத்துவைப் படிப்பதற்காகப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். அவன் அங்கேயே வாத்தியாராகி, கூட வேலை பார்த்த எஸ்தர் டீச்சரைக் கட்டிக்கொண்டான். அவர்கள் புரோட்டஸ்டண்டு. கல்யாணத்துக்காக அவனும் அந்தச் சபையில் சேர்ந்துவிட்டான். இறந்தவர்களுக்காக நாங்கள் பூசை வைப்போம். ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும்போது நம்முடைய ஜெபம்தான் அதற்குத் தண்ணீர் என்பாள் அம்மா. அவர்களுக்கு அந்த ஸ்தலமும் கிடையாது, அந்த ஜெபமும் கிடையாது. வேதத்தில் இல்லை என்பார்கள்.

"மூணு மாசமா எம்புள்ளைக்கு அந்த மண்ணுல ஒருத்தரும் ஒரு வார்த்தை ஜெபம் சொல்லல" என்று அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். யாராவது தப்பாகப் பதில் சொன்னால் திருத்தாமல் விட மாட்டேன். அந்தக் குணத்தையும் பெட்டியோடு சேர்த்துத்தான் கொண்டுபோனேன்.

நெல்லை ஜங்ஷனில் மழை. எங்கள் ஊர் மழை சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே காலையிலிருந்து நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது. ஆட்டோ ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. "அக்கா, லேசா எறங்கி ஒரு தள்ளு தள்ளுதியளா?" என்றார் ஓட்டுநர். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தள்ளினேன். அம்மா வர்ணித்த தாமிரபரணியில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். நான் பாலத்திலிருந்து பார்த்த ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் அண்ணி என்பதை இங்கே மைனி என்கிறார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்த மைனி, வெள்ளைச் சேலையில் வாசலில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கால் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறிரும்" என்றாள்.

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். தேங்காய் போட்டுப் பொங்கிய அந்தக் கறுப்புச் சோறு எங்கள் பக்கத்தில் கிடைக்காது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவதற்குள் நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

மைனி தட்டை எடுத்தபடியே சொன்னாள். "வியாழக்கிழமை பூசைன்னு அத்தை கடுதாசி போட்டிருந்தாவ. உன் அண்ணனுக்கு நீ எங்கன வேணும்னாலும் செய்யி. நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் சம்மதிச்சேன்னு மட்டும் அங்க போய்ச் சொல்லாத. அவிய ஆண்டவர்ட்ட போயாச்சி. போனவியளுக்கு ஜெபம் பண்ணுனா, ஆண்டவர் சொன்ன வாக்க நான் நம்பலேன்னு ஆவும்."

"அவன் நல்ல இடத்துல இருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேதம் சொல்லுது" என்றாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அண்ணன் குழிமேல் இன்னும் கல் வைக்கவில்லை. மண் மழையில் ஒருபக்கம் சரிந்திருந்தது. எங்கள் ஊரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் பூவுமாக இடம் ஜேஜே என்றிருக்கும். நான் கைப்பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்தேன். மைனி குடையை என் பக்கம் பிடிக்கவில்லை. நான்கு தீக்குச்சி கிழித்தேன், நான்கும் நனைந்து அணைந்தன. அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்லறை இருந்தது. அது ரூபியுடையது. அண்ணனுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போனவள். இருபது வருஷத்துக்கு முன்னால் தந்தி வந்தபோது நாங்களும் அழுதோம். நான் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, நனைந்த மெழுகுவத்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மைனிக்குப் பின்னால் நடந்தேன்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் குடும்ப ஜெபம். இந்த ஊர்ப் புரோட்டஸ்டண்டு வீடுகளில் இது தவறாது. பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் ஜெபமாலைதான். உண்மையைச் சொன்னால், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் பைபிளே கிடையாது. அது சாமியாரிடம் இருக்கும். அவர் வாசிப்பார், விளக்கம் சொல்வார், நாங்கள் கேட்போம். மைனியோ முழுச் சங்கீதங்களைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வாள்.

"துக்க வீடுல்லா, தொண்ணூறாம் சங்கீதம் வாசிப்போம்" என்றாள். நானும் விட்டுக்கொடுக்காமல் என்னுடைய பழைய கத்தோலிக்க பைபிளை எடுத்துத் தொண்ணூறைப் பிரித்தேன். "முதல்ல நீ வாசி" என்றாள். கணீரென்று வாசித்தேன். பகலில் பறக்கும் அம்புக்குப் பயப்படாதே, இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்குப் பயப்படாதே, வாதை உன் வீட்டை நெருங்காது என்று போகும் சங்கீதம் அது. மனிதன் புல்லைப்போல வாடிப்போகிறான் என்ற பகுதிக்காகக் காத்திருந்த மைனி தலைநிமிர்ந்தாள். முகம் வெளிறிவிட்டது.

பிறகுதான் புரிந்தது. எங்கள் பழைய புத்தகத்தில் சங்கீதங்களின் எண் அவர்களுடையதைவிட ஒன்று குறைவு. அவர்களுடைய தொண்ணூற்றொன்று எனக்குத் தொண்ணூறு. எண்ணை நம்பிப் பிரித்து, அந்த வீட்டில் வாசிக்கக் கூடாததை வாசித்துவிட்டேன்.

"இதத்தான் அவ காய்ச்சல்ல கெடக்கும்போது தலமாட்டுல வச்சி வாசிச்சேன்" என்றாள் மைனி. "ஒம்பது நாள். ஒரு வேள தவறாம." புத்தகத்தை மூடி ஜெபத்தை முடித்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலையில் ஞானராஜ் அண்ணாச்சி வந்தார். சபைக் கமிட்டியில் இருப்பவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பாதிரியாரை இவர்கள் ஐயர் என்பார்கள். ஐயர் ஊரில் இல்லாவிட்டால் அண்ணாச்சிதான் பிரசங்கம் செய்வாராம். எதிர்வாதத்துக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குக் கருப்பட்டிக் காப்பிகூட இறங்கவில்லை.

இறந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுத்த யூதத் தளபதியின் கதை என் பைபிளில் இருந்தது. பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, புத்தகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடினார்.

"மக்கபே ஆகமம். இது எங்க வேதத்துல கெடையாதும்மா. யூதரே அவிய வேதத்துல சேக்கலையே. உங்க ஆளுக கூடுதலா ஏழு புஸ்தகத்தச் சேத்துக்கிட்டு, அதுல இருந்தே சாட்சியும் சொன்னா எப்படி?"

"நாங்க சேக்கல அண்ணாச்சி, நீங்கதான் எடுத்துட்டீங்க. சரி, ஒண்ணு கேக்கிறேன். வேதத்துல எந்தெந்தப் புத்தகம் இருக்கணும்னு வேதத்துல எந்த அதிகாரத்துல எழுதியிருக்கு?"

அவர் காப்பியை ஒரு மிடறு குடித்தார். "எழுதல."

"அப்ப யாரோ கூடித்தானே முடிவு பண்ணாங்க? அந்த யாரோதான் திருச்சபை. அது சொல்லி வேதத்த ஏத்துக்கிட்டீங்க. அதே சபை பூசை வைன்னா மட்டும் ஏத்துக்க மாட்டேங்கிறீங்க."

"தட்டான் நகைய உரசிப் பாத்து இது பொன்னுன்னு சொல்லுதான். அதனால பொன்ன அவன் உண்டாக்குனான்னு ஆயிருமா? சபை உரசித்தான் பாத்துச்சி. பொன்னு அதுக்கு முன்னயே பொன்னு."

நல்ல பதில்தான். ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "உங்க தட்டான் ஏழு நகையத் தப்பா உரசித் தூக்கி எறிஞ்சிட்டான்" என்றேன். அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க எங்க சபையில இருந்திருந்தா நான் கமிட்டியில ஜெயிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். நானும் சிரித்தேன்.

மைனி சிரிக்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"நீ காட்டுன பக்கம் எனக்குத் தெரியும்" என்றாள். "ரூபி போன அந்த வருசம் உன் அண்ணன் எங்கேயோ போய் அத ஒரு தாள்ல எழுதிட்டு வந்தாவ. பைபிள்ல பழைய ஏற்பாடு முடியுத எடத்துல மடிச்சி வச்சிருந்தாவ. தெனம் ஜெபம் முடிஞ்சதும் அந்தத் தாளத் தொட்டுக்கிட்டு, ரூபிக்கு இளைப்பாற்றி கொடும் ஆண்டவரேன்னு மெதுவாச் சொல்லுவாவ. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒருநா அந்தத் தாளக் கிழிச்சி அடுப்புல போட்டேன். ஏழு வயசுப் பிள்ள என்ன பாவம் பண்ணுச்சின்னு அதுக்கு ஜெபம்? அது சொர்க்கத்துல இல்லேன்னு சொல்லுத மாதிரில்லா இருந்துச்சி எனக்கு. அதுக்குப் பொறவு அவிய ஜெபத்துல அவ பேரு வரவே இல்ல. இந்த வீட்டுல அந்தப் பேரச் சத்தமாச் சொல்லி இருவது வருசமாச்சி."

அந்த இடத்தில் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கோ வேறொன்று உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. அண்ணன் கடைசிவரை எங்கள் பக்கம்தான் என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. அம்மாவிடம் சொல்லலாம். மைனியின் துக்கம் எனக்கு ஒரு சாட்சியாகத்தான் பட்டது. இப்போது எழுதவே கூசுகிறது.

வியாழக்கிழமை காலை அவளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். "பஸ்ஸுல ஏற எறங்க உனக்குத் தெரியாது. கோயிலுக்குள்ள வர மாட்டேன், வெளிய நிக்கேன்" என்றாள். பதினொரு மணிக்குப் பூசை. மாதத்தில் அந்த ஒருநாள்தான் அங்கே சாமியார் வருவார் என்பதால் ஏழு மணிக்கே பஸ் பிடித்தோம்.

சேரன்மாதேவி தாண்டியதும் இருபுறமும் வயலில் தண்ணீர் நின்றது. நாற்று நட்ட இடமும் நடாத இடமும் ஒன்றாகக் கிடந்தன. மேற்கே மலை இருக்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள், மேகம்தான் இருந்தது. பஸ்ஸிலும் நான் விடவில்லை. "அவங்கவங்க வாசிச்சு அவங்கவங்களா அர்த்தம் பண்ணிக்கலாம்னா ஆளுக்கு ஒரு சபை ஆயிடும் மைனி. உங்க தெருவுலயே நாலு சபை போர்டு பார்த்தேன்."

"எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு சபை இருந்துச்சி" என்றாள் மைனி, ஜன்னலைப் பார்த்தபடி.

முன்சீட்டில் திருநீறு பூசிய ஒரு பெரியவர் திரும்பினார். தாலுகா ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவராம். "தப்பா எடுத்துக்கிடாதிய. ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டு வாரேன். ரெண்டு பேருக்கும் சாமி ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்" என்றோம் இருவரும்.

"புஸ்தகமும் ஒண்ணுதான?"

"ஏறக்குறைய" என்றேன்.

"அந்த ஏறக்குறையிலதான் சண்டையாக்கும். எங்கள்லயும் உண்டும்மா. கோயில்ல சமஸ்கிருதம் மொதல்லயா, தமிழ் மொதல்லயான்னு மல்லுக்கட்டுவானுவ. சாமி ரெண்டையும் கேட்டுக்கிட்டு சும்மாதான் இருக்காரு" என்றார்.

அம்பாசமுத்திரத்துக்கு முன்னால் பஸ் பஞ்சரானது. மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்தது. எங்கள் ஊரில் என்றால் பயணிகள் முணுமுணுத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். இங்கே அத்தனை பேரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றேகால் மணி நேரம் போனது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே ஆழ்வார்குறிச்சி வந்து, அங்கிருந்து சேற்றுப் பாதையில் இரண்டு மைல் வேகமாக நடந்தோம். கோயில் தெரிந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஓடு வேய்ந்த சின்னக் கோயில். இருபது பேர் இருந்தார்கள். பூசை தொடங்கும் முன்னால், அது யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று கோயில்பிள்ளை மைக்கில் பெயர்களை வாசிப்பது வழக்கம். அவர் நோட்டோடு வாசலிலேயே நின்றார்.

"மலேசியாவுல இருந்து வாரவியளா? சாமியார் உடுப்புப் போட்டாச்சி. பேரு சொல்லுங்க."

"சவரிமுத்து."

எழுதினார். "வேற பேரு உண்டாம்மா? ஒரே பூசையில எத்தன பேர வேணும்னாலும் சேத்துக்கிடலாம்."

"இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

செருப்பை ஓரமாகத் தள்ளத் திரும்பியபோது, மைனி எனக்கு ஓரடி பின்னால் நின்றாள். குடை மடக்கியிருந்தது, காலில் செருப்பு இல்லை. மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மைக்கில் அண்ணன் பெயர் வாசிக்கப்பட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய இடம் இது என்று நினைத்துப் பூசை முழுக்க அழுதேன். அம்மா கேட்டதைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியும் இருந்தது. வெளியே வந்தபோது மைனி மதில் ஓரம் நனைந்துகொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனபின் அவளே பேச்செடுத்தாள்.

"அந்த ஆளு வேற பேரு உண்டான்னு உங்கிட்ட கேட்டாம்லா?"

"ஆமா மைனி."

"நீ இல்லேன்னுட்ட."

இரண்டு நாளைக்கு முன்னால்தான் அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு பெயரைச் சேர்க்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். அதற்காகத்தான் அவள் அத்தனை தூரம் வந்திருக்கிறாள், செருப்பைக் கழற்றியிருக்கிறாள். நான் வாதத்தில் ஜெயித்துக்கொண்டே வந்து, அதை மறந்துவிட்டேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"நாளைக்குக் காலைல பாளையங்கோட்டை ஆர்.சி. கோயில்ல கொடுக்கிறேன் மைனி. ரூபி பேருக்கே தனியா ஒரு பூசை. நான் சாயங்காலம்தானே கிளம்புறேன்."

"வேண்டாம்."

"மைனி, தப்பு என்னோடது. நானே போய்…"

"ஏளா, நான் சொல்லுதத கேளு." அவள் குரல் கோபமாக இல்லை. "நீயாட்டு அங்கன குடுத்திருந்தா நான் தடுத்திருக்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னு, அவ பேர ஒரு தடவ காதுல கேட்டுட்டு வந்திருப்பேன். இப்பம் நான் வாயத் தொறந்து கேட்டுட்டேன். இனிமே குடுத்தா அது நான் குடுத்ததாத்தான் ஆவும்."

"அப்படி ஆனாத்தான் என்ன மைனி?"

"வேதத்துல இல்லாதத நான் செய்ய மாட்டேன்" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஏழு புத்தகங்கள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. அம்பாசமுத்திரம் வந்தது, சேரன்மாதேவி வந்தது, மழை விடவில்லை. பாளையங்கோட்டையில் இறங்கும்போது நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் குடையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.